பேர் சொல்ல வேண்டியவள்

போன வருஷம் மலர் கோமளா. இந்த வருஷம் மலர் கிருஷ்ணப்பிரியா. உலகத்தில் இதைத் தவிர வேறு அநியாயமே நடக்கவில்லை என்பதுபோல அந்த நவம்பர் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள் கோமளா.

மலர் என்பவள் நாடகத்தில் வருகிற பெண். பூந்தமல்லிப் பக்கத்தில் இருக்கிற அந்தக் கல்லூரியின் செஞ்சுருள் சங்கம் எச்.ஐ.வி. விழிப்புணர்வுக்காகத் தெருத் தெருவாகப் போடும் வீதி நாடகம் அது. பிறக்கும்போதே தாயிடமிருந்து எச்.ஐ.வி. தொற்றிய பெண் மலர். அப்பா இல்லை. தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு, காலேஜுக்குப் போய்க்கொண்டு, உங்களையும் என்னையும் போலச் சிரித்துக்கொண்டு இருக்கிறவள். அவளை எழுதியதே கோமளாதான். அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லிக்கு வரும் பஸ்ஸில், பக்கத்து சீட்டுக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்க்க, உதட்டை அசைத்து வசனம் பேசிப் பார்த்து எழுதியவள் அவள். அப்படிப் பெற்ற பிள்ளையை இன்னொருத்தி இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு போனால் எரியாதா?

வேஷம் கைவிட்டுப் போனது ஒரு தொண்டைக்கட்டினால். ஒத்திகை நாளன்று கோமளாவுக்குக் குரலே எழும்பவில்லை. "இன்னைக்கு மட்டும் நீ நில்லும்மா" என்று பின்வரிசையில் தாளம் தட்டிக்கொண்டிருந்த இரண்டாம் வருஷத்துக் கிருஷ்ணப்பிரியாவை நிறுத்தினார் குணசேகரன் சார். சங்கத்துக்குப் பொறுப்பாசிரியர் அவர். எதற்கும் அசையாத மனுஷன். அவரே அன்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த நாள் கோமளாவைக் கூப்பிட்டு, "நீ எழுதுறவ, பறை அடிக்கிறவ. முடிவுல பேர் சொல்றதும் நீ சொன்னாத்தான் எடுப்பா இருக்கும்" என்றார். வேண்டாம் என்பதை இவ்வளவு சர்க்கரை போட்டுச் சொல்ல வாத்தியார்களால்தான் முடியும்.

பேர் சொல்வது என்பது அந்தக் குழுவின் வழக்கம். நாடகம் முடிந்ததும் மற்றவர்கள் கலைந்துவிடுவார்கள். மலர் மட்டும் மலராகவே கூட்டத்துக்குள் போய் உட்காருவாள். ஒரு மாணவியிடம் கேட்கக் கூச்சப்படுகிறதையெல்லாம் ஜனங்கள் மலரிடம் கேட்பார்கள். அது ஓய்ந்ததும் பறை மூன்று முறை அதிரும். பறை அடிப்பவள் குரலை உயர்த்திச் சொல்வாள்: "இவ்வளவு நேரம் மலரா உங்களோட பேசினவங்க எங்க காலேஜ் மாணவி. பேர் இன்னது, வகுப்பு இன்னது. மலர் கற்பனை. மலர் மாதிரி வாழறவங்க கற்பனை இல்லை." அதுவரை மலர் மலர்தான். தன் பேரைத் தானே சொல்லக்கூடாது.

இந்த வழக்கத்தையும் கோமளாவேதான் கொண்டுவந்தாள். போன வருஷம் ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவுக்கு எதிரே நாடகம் முடிந்து, தாகம் தாங்காமல் ஒரு டீக்கடையில் தண்ணீர் கேட்டாள். கடைக்காரர் கொடுத்தார். அவள் குடித்து முடித்ததும் அந்தக் கண்ணாடி டம்ளரை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு போய்க் குப்பைத் தொட்டியில் போட்டார். அவளைத் திட்டவில்லை, முறைக்கவில்லை. ஒரு வேலையைப் போலச் செய்தார். அன்று ராத்திரி கோமளாவுக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகுதான் இந்தப் பேர் சொல்லும் ஏற்பாடு. ஆகவே, பேர் சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று தெரியாத பச்சைக் குழந்தை அல்ல அவள். இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

கிருஷ்ணப்பிரியா நடிப்பது கோமளாவுக்கு ஆரம்பத்தில் நடிப்பாகவே படவில்லை. "நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்ற வரியைக் கோமளா தொண்டை கிழியக் கத்துவாள். இவளோ துப்பட்டாவை மடித்துக்கொண்டே, பக்கத்து வீட்டில் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்கிற குரலில் கேட்டாள். கோமளா கத்தியபோது ஜனங்கள் கை தட்டினார்கள். இவள் கேட்டபோது கை தட்ட மறந்து நின்றார்கள்.

அது போதாதென்று எழுதாததையெல்லாம் சேர்த்தாள். சென்னீர்குப்பத்தில் ஒரு பெண்மணி, "மாத்திரை சாப்ட்டா வேலை வெட்டி செய்ய முடியுமாம்மா?" என்று கேட்டபோது, "ஏன் முடியாது? விடிகாலையில எங்கம்மா கிரைண்டர்ல மாவு ஓட்டும்போது நான்தான் கூட நிக்கறேன். மாவு வித்துத்தான் எங்கம்மா என்னைப் படிக்க வைக்கறாங்க" என்றாள். அது மலருடைய அம்மா இல்லை, கிருஷ்ணப்பிரியாவின் அம்மா வனஜா. குடியாத்தம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அப்பா லேத் பட்டறையில் வேலை செய்து, டெங்கு வந்து போய்விட்டார். இப்போது ஆவடி சேக்காட்டில் வாடகை வீடு, இட்லி மாவு வியாபாரம். போன இடமெல்லாம் சொந்த வாழ்க்கையை அள்ளி அள்ளி மலருக்குப் போட்டாள் அந்தப் பெண். மலரும் கொழுகொழுவென்று உயிரோடு எழுந்து நடந்தாள்.

எல்லாவற்றையும்விடக் கோமளாவை அரித்தது வேறு ஒன்று. எங்கே நாடகம் போட்டாலும் கடைசியில் யாராவது ஒருவர் கிருஷ்ணப்பிரியாவைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய்க் காதில் ஏதோ சொல்வார்கள். அவள் தலையாட்டிக் கேட்பாள். திரும்பி வந்ததும், "என்னவாம்?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லக்கா" என்பாள். கோமளா ஒரு வருஷம் மலராக இருந்தாள். ஒருவர்கூட அவள் காதருகே வந்ததில்லை. கைதட்டலைக்கூட விட்டுக்கொடுத்துவிடலாம். நம்பி வந்து சொல்கிறார்களே, அதை எப்படி விட்டுக்கொடுப்பது?

சேக்காட்டில் நாடகம் நடந்தது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். கிருஷ்ணப்பிரியாவின் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, அமல்ராஜின் மளிகைக் கடைக்கு எதிரே. நல்ல கூட்டம். தொழிற்சாலைக் குடியிருப்பிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார்கள். அடுக்குமாடி வீடுகளின் பால்கனிகளில் லேப்டாப்பை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள். நாடகம் முடிந்து மலர் கூட்டத்துக்குள் உட்கார்ந்ததும் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு அம்மாள் அவள் தலையைத் தடவினாள். குணசேகரன் சார் மெகாபோனில், "நடித்த செல்வங்களுக்கெல்லாம் நன்றி" என்றார். எழுதிய செல்வம் பறையும் கையுமாக ஓரத்தில் நின்றது அவர் கண்ணில் படவில்லை.

பக்கத்துக் கோயிலில் அப்போது பார்த்து ஒலிபெருக்கியைப் போட்டார்கள். கூட்டம் மெல்லக் கரைய ஆரம்பித்தது. கோமளா குச்சியை எடுத்தாள். அந்த நிமிஷம், தோளில் ஒரு கூடைப் பையோடு ஒரு பெண் கிருஷ்ணப்பிரியாவைக் கையைப் பிடித்துச் சுவரோரமாக அழைத்துக்கொண்டு போனாள். இரண்டு தலைகளும் ஒட்டிக்கொண்டன. அந்தப் பெண் அழுதாள். கிருஷ்ணப்பிரியா அவளுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

கோமளாவுக்கு வயிறு எரிந்தது. இந்த இடத்தில் அழகான வார்த்தை எதுவும் வேண்டாம். பற்றிக்கொண்டு எரிந்தது. 'மலராவே இருந்துக்கோ. உன் பேரை எதுக்கு நான் ஊருக்குச் சொல்லணும்?' என்று நினைத்தாள். குச்சியை இடுப்பில் செருகினாள்.

"பேர் சொல்லிட்டியாம்மா?" என்று வேனருகே கேட்டார் சார்.

"சொல்லிட்டேன் சார்."

அவ்வளவு சுலபமாக வந்தது பொய்.

அடுத்த வாரம் கிருஷ்ணப்பிரியா ஒத்திகைக்கு வரவில்லை. அதற்கடுத்த ஒத்திகைக்கும் வரவில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி அனுப்பியிருந்தாள். டிசம்பர் ஒன்று, உலக எய்ட்ஸ் தினத்தன்று, ஆவடி பஸ் நிலையத்தில் நாடகம். அதுதான் வருஷத்திலேயே பெரியது. "அவ வரலைன்னா கோமளா, நீதான் மலர்" என்றார் சார். கோமளா பொறுப்போடு தலையை ஆட்டினாள். உள்ளுக்குள் பாயசம் கிண்டிக்கொண்டிருந்தது. கழிப்பறைக் கண்ணாடி முன் நின்று துப்பட்டாவை மடித்துக்கொண்டே, "நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று மெல்லக் கேட்டுப் பார்த்தாள். களவாடியது வசனத்தை அல்ல, துப்பட்டா மடிப்பதை.

அந்தப் பாயசத்தில் உப்பை அள்ளிப் போட்டவன் விக்ரம். நாடகத்தில் டாக்டராக வருகிறவன். வெள்ளைக் கோட்டுப் போட்டால் தமிழ் சுத்தமாகிவிடும், கழற்றினால் ஆவடி மார்க்கெட்தான்.

"இன்னா கோமளா, மேட்டர் தெரியுமா? கிருஷ்ணப்பிரியா ஊட்ல மாவே ஓட மாட்டுதாம். ஒருத்தனும் வாங்கல. அமல்ராஜ் அண்ணாத்தே கடை பிரிட்ஜ்ல வச்சிருந்த பாக்கெட்டயெல்லாம் திருப்பி அனுப்சிட்டாராம். அந்தப் பொண்ணுக்கு நெஜமாவே எச்.ஐ.வி. கீது, அவங்க அம்மாக்கும் கீது, அவங்கப்பா டெங்குல போவல, இதுலதான் போனாருன்னு ஏரியா ஃபுல்லா பேசிகினு கீறாங்க. ஊட்டுக்காரரு காலி பண்ணச் சொல்ட்டாரு."

கோமளா அவன் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கு நீ பேர் சொன்னல்ல?" என்றான். பதிலுக்குக் காத்திராமல் அவனே, "சொல்லியிருப்ப. அந்தக் கோயில் ஸ்பீக்கர்ல அமுங்கிப் பூட்ருக்கும். நம்ம நேரம்" என்றான்.

ஆமாம், ஸ்பீக்கர். எவ்வளவு வசதியான ஸ்பீக்கர்! ஒரு முழு நாள் கோமளா அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். பஸ்ஸில், வகுப்பில், சாப்பாட்டில். ஆனால் மலருக்கு அம்மா மாவு ஆட்டுகிறாள் என்பதையும், மலருக்கு அப்பா இல்லை என்பதையும் சேக்காட்டு ஜனங்கள் தங்கள் காதால் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் இட்டுக்கட்டினார்கள் என்று எப்படிச் சொல்வது? நாடகம் போட்டவர்கள் சொன்னதைத்தான் நம்பினார்கள். நம்பாதே என்று சொல்ல வேண்டியவள் வாயை மூடிக்கொண்டாள். டீக்கடைக்காரர் இரண்டு விரலால் பிடித்த டம்ளர் அவள் கண்ணுக்குள்ளேயே நின்றது.

மறுநாள் சாயங்காலம் கல்லூரியிலிருந்து நேராகச் சேக்காட்டுக்குப் போனாள்.

வீட்டு வாசலில் ஏறும்போதே புளித்த வாடை. சமையலறைத் தரையில் ஸ்டீல் அடுக்குகளில் மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டிருந்தது. வனஜா அடுப்பு முன்னால் நின்றிருந்தாள். யார் என்று சொன்னதும், "வாம்மா, உக்காரு. சாப்பிட்டுப் போ. வித்தாத்தான் மாவு, விக்கலைன்னா நமக்கு தோசை" என்று தட்டை வைத்தாள். கோமளா மறுக்காமல் சாப்பிட்டாள். தோசை புளிப்பு. இரண்டாவது தோசையைப் போடும்போது வனஜா கேட்டாள், "பேர் சொல்ற பொண்ணு நீதானாமே. கொஞ்சம் சத்தமா சொல்லக்கூடாதாம்மா? அந்தச் சத்தத்துல யாருக்கும் கேக்கலையாம்."

கோபமில்லாமல் கேட்டாள். அதுதான் கோமளாவுக்குத் தாங்கவில்லை.

"நான் சொல்லவே இல்லைம்மா" என்றாள்.

வனஜாவின் கையில் கரண்டி நின்றது. கதவருகே நின்ற கிருஷ்ணப்பிரியா, "மறந்துட்டீங்களாக்கா?" என்றாள்.

"இல்ல. வேணும்னேதான் சொல்லல. உன்மேல பொறாமை."

"எம்மேலயா?" அவள் நிஜமாகவே புரியாமல் பார்த்தாள். "எதுக்கு? நானா கேட்டேன் அந்த வேஷத்த?"

கேட்கவில்லைதான். கேட்காமலே கிடைத்ததுதான் கோமளாவின் நோயே. அதை எப்படிச் சொல்வது? வனஜா அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போனாள். தோசை பாதி வெந்து கல்லிலேயே கிடந்தது.

"இப்பவே பறையைக் கொண்டாந்து தெரு முழுக்க அடிச்சுச் சொல்றேன். உனக்கு எதுவும் இல்லைன்னு ஒவ்வொரு வாசல்லயும் நின்னு சொல்றேன்" என்றாள் கோமளா.

"வேணாம்க்கா."

"ஏன்?"

கிருஷ்ணப்பிரியா குரலைத் தாழ்த்தினாள். "அன்னைக்கு ஒருத்தங்க என்கிட்ட வந்து பேசினாங்க, பாத்தீங்களா? பேர் கேக்காதீங்க. அவங்களுக்கு இருக்கு. இந்த ஏரியாதான். எனக்கும் இருக்குன்னு நெனச்சு வந்தாங்க. மறுநாளே எனக்கு இல்லக்கான்னு சொல்லிட்டேன். பரவாயில்லம்மான்னுட்டாங்க. இப்பவும் தினமும் எங்ககிட்ட மாவு வாங்கறது அவங்க மட்டும்தான். நீங்க வந்து இவளுக்கு இல்ல, இவளுக்கு இல்லைன்னு பறை அடிச்சா என்ன அர்த்தம்? இருந்தா மாவு வாங்காதது சரின்னு அர்த்தம். அவங்களும் அந்தத் தெருவுல நின்னு கேட்டுக்கிட்டுத்தானே இருப்பாங்க?"

எழுதியவள் கோமளா. அவளுக்குத் தோன்றாதது இவளுக்குத் தோன்றுகிறது. குற்றத்தைச் சொல்லிவிட்டுக் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்த அந்த நேரத்திலும், வெட்கக்கேடு, அவளுக்குப் பொறாமைதான் வந்தது.

உள்ளேயிருந்து வனஜாவின் குரல் வந்தது. "அதெல்லாம் சரி. உங்களுக்கு அது நாடகம். எனக்கு அடுப்பு. இந்த மாசமே வெளியே போங்கறாரு ஊட்டுக்காரர், நான் இந்த கிரைண்டரைத் தூக்கிக்கிட்டு எங்கடி போவேன்? இல்லைன்னு சொல்லித் தொலைங்களேன், யாருக்கு என்ன கேடு!"

மகள் கோமளாவைத்தான் பார்த்தாள். "நீங்க எழுதுறவங்கதானே? இல்லைன்னு சொல்லாம எங்கம்மா மாவு விக்கற மாதிரி எழுதுங்க."

பேரத்தில் விட்டுக்கொடுக்காத குரல். கோமளா தட்டில் மிச்சமிருந்த தோசையை முழுங்கிவிட்டு எழுந்தாள்.

குணசேகரன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை துடைக்கவில்லை. "என்கிட்டயே பொய் சொல்லியிருக்க" என்றார். "டிசம்பர் ஒண்ணுக்கு நீ வேண்டாம். மலராவும் வேண்டாம், பறையும் வேண்டாம். சேக்காட்டுல நீ செஞ்சத நீ சரி பண்ணு. அதுக்கு மட்டும் வர்றோம்" என்றார். இந்தத் தடவை சர்க்கரை போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதே இடத்தில், அமல்ராஜ் கடைக்கு எதிரே, கேஸ் அடுப்பும் தோசைக்கல்லும் இறங்கின. பக்கத்தில் வனஜாவின் புது மாவு. வனஜா வருவதாக இல்லை. கடைசி நேரத்தில், "கல்லைச் சரியாக் காயவைக்கத் தெரியாதுங்க இதுங்களுக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டு வந்து கல்லில் எண்ணெய் தடவினாள். நாடகம் சின்னது. மலர் தோசை வார்க்கிறாள். டாக்டர், போலீஸ்காரர், வாத்தியார், எல்லா வேஷமும் ஒவ்வொருவராக வந்து, "தோசையில வருமா? டம்ளர்ல வருமா? தொட்டா வருமா?" என்று கேட்டு, பதில் வாங்கி, தோசையும் வாங்கித் தின்கிறார்கள். விக்ரம் வெள்ளைக் கோட்டில் சட்னி ஒழுக ஒழுக நிஜமாகவே நாலு தோசை தின்றான்.

ஜனங்கள் சிரித்தார்கள். ஆனால் ஒருவரும் கிட்டே வரவில்லை. தோசைக்கல்லைச் சுற்றிக் கோலம் போட்டதுபோல ஒரு வட்டம் காலியாகவே கிடந்தது. தோசைகள் தட்டில் ஆறின.

கடைப்படியிலிருந்து அமல்ராஜ்தான் குரல் கொடுத்தார். "அதெல்லாம் இர்க்கட்டும்மா. டாக்டரு சொன்னா கரீட்டுதான். அந்தப் பொண்ணுக்கு நெஜமா கீதா, இல்லியா? அத்த சொல்லு மொதல்ல."

"ஆமா, அதச் சொல்லுங்க" என்றது கூட்டம்.

கிருஷ்ணப்பிரியா தோசைத் திருப்பியோடு அப்படியே நின்றாள். பறை அடிக்கும்வரை அவள் மலர்தான், தன்னைப் பற்றித் தானே சொல்லக்கூடாது. வனஜா கோமளாவைப் பார்த்த பார்வையில், 'இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லேண்டி' என்று எழுதி ஒட்டியிருந்தது. ஒரு வார்த்தை போதும். நாளைக்கே மாவு போகும். கூட்டத்தின் ஓரத்தில் கூடைப் பையோடு அந்தப் பெண்ணும் நின்றிருந்தாள். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கோமளா பறையை மூன்று முறை அடித்தாள். மூன்றாவது அடி பிசகியது.

"இவங்க பேர் கிருஷ்ணப்பிரியா. எங்க காலேஜ். பி.காம். ரெண்டாம் வருஷம். போன தடவை இதே இடத்துல இதைச் சொல்ல வேண்டியவ நான். சொல்லல. ஸ்பீக்கர் சத்தத்துல அமுங்கல. இவங்க என்னைவிட நல்லா நடிச்சாங்க, எனக்குப் பொறுக்கல, அதனால சொல்லல. தப்பு என்னோடது. அதுக்காக இவங்கம்மா மாவை நீங்க திருப்பி அனுப்பினீங்களே, அது உங்களோடது."

ஒரு முணுமுணுப்பு எழுந்தது. கோமளா விடவில்லை.

"இவங்களுக்கு இருக்கா இல்லையான்னு கேக்கறீங்க. நான் சொல்ல மாட்டேன். என்னைக் கேக்கலியே ஏன்? எனக்கு இருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா? இதோ நிக்கற டாக்டருக்கு? பக்கத்துல நிக்கறவங்களுக்கு? மூஞ்சியப் பாத்து யாராலும் சொல்ல முடியாது. எனக்கு இருக்குன்னே வச்சுக்கோங்க. நான் இந்தத் தோசையத் தின்னுட்டுத்தான் போவேன்."

தட்டிலிருந்து ஒரு தோசையை எடுத்துச் சுருட்டிக் கடித்தாள்.

எல்லாக் கண்களும் அவள்மேல் வந்தன. ஒரு வருஷமாக எதற்கு ஏங்கினாளோ அது. கைதட்ட மறந்து நிற்கிற கூட்டம். முன்வரிசையில் நின்ற ஒரு பெண் தன் குழந்தையின் தோளைப் பிடித்து மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அவளுக்கே தெரியாமல் செய்திருப்பாள். கோமளாவுக்குத் தெரிந்தது. இந்த வேஷத்துக்காகவா இவ்வளவு அடித்துக்கொண்டோம்! இந்த விலகலைத்தான் கிருஷ்ணப்பிரியா நாள்கணக்காக வீட்டுக்குள் வைத்துக்கொண்டு இருந்தாளே!

"எம்மா, தத்துவம் போதும்" என்று வட்டத்துக்குள் வந்தார் ஒரு ஷேர் ஆட்டோக்காரர். "மத்தியானம் சோறு துன்னல. கல்லுல கீற அத்த குடு. சூடா."

வனஜா தானே எடுத்துக் கொடுத்தாள். நின்றபடியே தின்று, "புளிப்பு கம்மிக்கா" என்று குறை வேறு சொன்னார். அதற்குப் பிறகு இரண்டு பேர் வந்தார்கள். பிறகு தொழிற்சாலைக் குடியிருப்பிலிருந்து ஒரு குடும்பம். கூடைப் பைக்காரப் பெண்ணும் வரிசையில் வந்து, எல்லோரையும் போலத் தட்டை நீட்டினாள். எல்லோரும் வந்தார்கள் என்று சொன்னால் அது கதை. பாதிக்குமேல் வீட்டுக்குத்தான் போனார்கள். குழந்தையை இழுத்துக்கொண்ட பெண்ணும் போய்விட்டாள்.

அடுப்பை அணைத்துச் சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கோமளா கடைப்படி ஓரத்தில் குனிந்து பறைக்கு உறை போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நிழல் விழுந்தது. அமல்ராஜ். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நிமிர்ந்தாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டு, உதடு அசைகிறதா என்று சந்தேகம் வருகிற மாதிரி பேசினார். "இந்த டெஸ்ட்டு எங்கம்மா எடுப்பாங்க?"

கோமளாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவளும் தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "ஜி.எச்.ல நம்பிக்கை மையம்னு போர்டு இருக்கும்ணா. காசு கிடையாது."

"ஏரியா ஆளுங்க எவனாவது பாத்தா?"

"எந்த ஊர் ஜி.எச்.லயும் எடுக்கலாம்ணா. உள்ள பேசறத யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்க."

ஊருக்கெல்லாம் நாட்டாமை பண்ணிய அந்தக் குரல் இன்னும் தாழ்ந்தது. "ரொம்ப நாளா பயமா கீதும்மா. உனக்கு... மாத்திரை ஒத்துக்குதா?"

"எனக்கு இல்லண்ணா. நான் சும்மா சொன்னேன். ஆனா மாத்திரை போட்டுக்கிட்டு நல்லா இருக்கறவங்கள அங்கயே பாப்பீங்க. இருந்தாலும் ஒண்ணும் முடிஞ்சு போயிடாதுண்ணா. போய்ப் பாருங்க. வேணும்னா நான் கூட வரேன்."

அவர் தலையாட்டினார். போய்விட்டார். நாலடி போனதும் குரலைப் பழையபடி உயர்த்தி, "வனஜாக்கா, காலையில மாவு பாக்கெட் குடுத்தனுப்பு. பிரிட்ஜு சும்மாதான் கீது" என்றார். வனஜா நம்பாமல் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, அடுப்பைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுப் பக்கம் நடந்தாள். அரிசி ஊறப்போட வேண்டும்.

கிருஷ்ணப்பிரியா தோசைக்கல்லோடு கோமளாவிடம் வந்தாள்.

"அமல்ராஜ் அண்ணன் என்னக்கா கேட்டாரு? அவ்வளவு நேரம் பேசினாரு?"

வந்துவிட்டது. கோமளாவின் காதுக்கும் ஒருவர் வந்துவிட்டார். ஊரையே கூட்டிப் பறை அடித்துச் சொல்ல வேண்டிய சேதி. இவளிடமாவது சொல்லலாம். 'உன்கிட்ட மட்டும் இல்லடி, என்கிட்டயும் வந்தாங்க' என்று இவள் முகத்துக்கு நேரே ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், வருஷம் பூரா எரிந்த வயிறு குளிர்ந்துவிடும்.

பறையின் உறையை இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"ஒண்ணுமில்லடி" என்றாள்.